எள்ளுருண்டை கடிக்கும்

போன மாதம் நாய்க் காப்பகத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரியாதான் பேசினாள். நல்ல பெண். நாய்களுக்கு அவளைப் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கும் அவளைப் பிடிக்கும். என்னைக் கண்டால் அந்தப் பெட்டி உயிரை விட்டுவிடும்.

"அக்கா, நம்ம நாய்களப் பத்தி ஆளுக்கு ரெண்டு வரி எழுதி, போட்டாவோட செல்போன்ல போடப் போறோமுங்க. வேணுங்கறவங்க பாத்துட்டு வந்து எடுத்துக்குவாங்க. நீங்க ஒருக்கா படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். பதினெட்டு நாய்களின் விவரம் வந்து விழுந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் நாய், அன்பானது, விளையாட்டுத்தனமானது, குழந்தைகளோடு நன்றாகப் பழகும். இரண்டாவது நாயும் அதே. மூன்றாவதும் அதே. பதினோராவது நாய்க்கு மட்டும் 'மிகவும் அன்பானது' என்று இருந்தது. அதை எழுதும்போது கொஞ்சம் உற்சாகமாக இருந்திருப்பாள் போல.

இருபத்திரண்டு வருடம் நாய்களோடு வேலை பார்த்தவள் நான். இந்த மூன்று குணமும் ஒன்றாக அமைந்த பிறவியை நாய்களிலும் கண்டதில்லை, எங்கள் சொந்தபந்தத்திலும் கண்டதில்லை. கல்யாணத் தரகர்தான் இப்படிப் பேசுவார். மாப்பிள்ளைக்குக் குடி உண்டா என்றால், "பையன் தங்கமுங்க" என்பார். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப எப்புடிங்க்கா எழுதறது?" என்று கேட்டாள்.

போனில் சொல்லித் தீருகிற சங்கதி இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எருமப்பட்டிப் பக்கத்துக்காரி. பத்தாவது வரை படிப்பு, பிறகு கல்யாணம், பிறகு நூல் மில். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவில்லை. மில்லை விடச் சொன்னார்கள், விட்டேன். நாமக்கல் சாலையில், ஊரை விட்டு உள்ளே தள்ளி, நாலு தகரக் கொட்டகையோடு ஒரு நாய்க் காப்பகம் இருந்தது. பெருக்கிக் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு நாய் என்றால் பயம். ஆனால் பஞ்சை விட நாய் தேவலாம் என்று சேர்ந்துவிட்டேன். முதல் வருடம் பெருக்கினேன், குளிப்பாட்டினேன், பண்ணைகளிலிருந்து வரும் உடைந்த முட்டையைச் சோற்றில் போட்டுக் கிண்டினேன். இரண்டு தடவை கடி வாங்கினேன். அத்தோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது.

எங்கள் மேலதிகாரி டாக்டர் சிவகாமி. அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலில் ஆம்பளைச் செருப்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாய்களுக்கு மட்டும்தான் மரியாதை. "வாங்க சாமி, இப்புடி உக்காருங்க, வாயக் கொஞ்சம் தொறங்க" என்று சொறி பிடித்த தெருநாயிடம் பேசுவார். திரும்பி என்னிடம், "ஏண்டி மரமாட்டம் நிக்கற? மருந்த எடு" என்பார். காப்பகத்தை நடத்தும் குழுவின் தலைவர் வெள்ளை வேட்டியில் காரிலிருந்து இறங்கினால், "என்னப்பா, இந்தப் பக்கம்?" என்பார். எங்கள் காப்பகத்தில் 'ங்க' வாங்க வேண்டும் என்றால் நான்கு காலும் ஒரு வாலும் வேண்டும்.

அவருடைய நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில்தான் நான் பின்னால் தலைகுப்புற விழுந்தேன்.

புதிதாக வரும் நாய் பத்து நாள் தனிக்கூண்டில் இருக்கும். பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் அப்போதே. பதினோராம் நாள் காலையில் சோதனை. டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கூண்டுக்குள் போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரை மணி நேரம் பேப்பர் படிப்பார். நாயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். எத்தனை நிமிடத்தில் கிட்டே வந்தது, எந்தப் பக்கமாக வந்தது, முதலில் எதை மோந்தது, செருப்பையா, புடவையையா, கையையா. சில நாய்கள் இரண்டு நிமிடத்தில் மடியில் ஏறிவிடும். சில, அரை மணியும் சுவரைப் பார்த்தபடி நிற்கும். ஒரு நாய் அவரோடு சேர்ந்து பேப்பரைப் படித்தது. பிறகு கிழித்தது.

அடுத்தது பொருட்கள். விளக்குமாறு, விரித்த குடை, ஹெல்மெட் போட்ட ஆள், லுங்கி மடித்துக் கட்டிய ஆள், விசில் அடிக்கும் குக்கர். எதைக் கண்டு ஓடுகிறது, எதைக் கண்டு பாய்கிறது என்று குறிக்க வேண்டும். நாய் முன்னால் இருந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளக்குமாறு சொல்லிவிடும்.

கடைசியாகத் தட்டு. நாய் சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். சொந்தக் கையை வைக்க எங்களுக்கு என்ன கிறுக்கா? என் பழைய ரவிக்கைக் கையில் பஞ்சு அடைத்து, நீளக் கம்பில் கட்டி, ஒரு பொம்மைக் கை செய்திருந்தேன். "வளையல் போடுடி. ஊட்ல சோறு போடற கையில வளையல் இருக்குமில்ல?" என்றார் டாக்டரம்மா. இரண்டு கண்ணாடி வளையலும் போட்டேன்.

எல்லாவற்றையும் கார்டில் எழுதி உள்ளே வைப்போம். அதன் சாரத்தைக் கூண்டு வாசலில் தொங்கும் சிலேட்டில் எழுதுவோம். அதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று.

"முதல் வரியில என்ன கொறைன்னு எழுது. அதப் படிச்சுட்டும் ஒருத்தன் நின்னான்னா, அவங்கிட்ட ரெண்டாவது வரியப் பேசலாம்."

அப்படி எழுதப்பட்ட பிரமுகர்கள் நிறைய பேர். சேலத்திலிருந்து ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன லாப்ரடார் ஒன்று இருந்தது. துரை என்று பெயர் வைத்தோம். தான் நாய் என்ற தகவல் அவனுக்கு அதுவரை வந்து சேரவில்லை. தரையில் உட்கார மாட்டான், நாற்காலி வேண்டும். மற்ற நாய்கள் குரைத்தால், 'யார் இந்தக் கூட்டம்' என்பது போல என்னைப் பார்ப்பான். அவன் சிலேட்டில், 'நாற்காலியை விட்டுத் தர மாட்டான்' என்று எழுதினேன். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் வந்து படித்துவிட்டு, "எங்கிட்ட ரெண்டு நாற்காலி இருக்குதுங்க" என்று கூட்டிப் போனார்.

இன்னொருவன் ஓசி. செவலை நிறத் தெருநாய். யாராவது பார்க்க வந்தால் நொண்டுவான். வந்தவர்கள் 'ஐயோ பாவம்' என்று பிஸ்கட் போடுவார்கள். அவர்கள் திரும்பியதும் நாலு காலில் ஓடுவான். ஒரு நாள் காலையில் வந்தவர்களுக்கு இடது காலும், மதியம் வந்தவர்களுக்கு வலது காலும் நொண்டினான். 'நடிப்பான், நம்ப வேண்டாம்' என்று சிலேட்டில் எழுதினோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு டீக்கடைக்காரர் கையோடு கொண்டுபோனார். கடையில் அவன் இன்னமும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறானாம்.

இப்போது எள்ளுருண்டை.

கறுப்பு. குட்டை. உருண்டை. நாட்டு நாய்தான், பெண். ஒரு பரோட்டாக் கடையின் பின்பக்கம் நாலு குட்டிகளைப் போட்டுவிட்டு, எச்சில் இலைக்காக ஊர் நாய்களோடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தது. குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. தாய் எங்களோடு தங்கிவிட்டாள். முக்காலிச் சோதனையில் நாலே நிமிடம். வந்து டாக்டரம்மாவின் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். விளக்குமாறு, குடை, குக்கர் எதற்கும் அசரவில்லை. கடைசியில் தட்டு. பொம்மைக் கை அரை அடி கிட்டே போனதுதான் தெரியும். வளையல் இரண்டும் தூள். பஞ்சைக் கூண்டெல்லாம் பறக்க விட்டுவிட்டு, திரும்பப் போய் நிதானமாகச் சாப்பிட்டாள்.

"பசியில வளந்தவங்க. சோத்துக்கிட்ட மட்டும் யாரையும் நம்ப மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. 'தட்டில் கை வைத்தால் கடிக்கும்' என்று சிலேட்டில் முதல் வரி எழுதினேன்.

அந்த ஒரு வரிக்காக அவள் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாள். வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருவார்கள். சிலேட்டைப் படிப்பார்கள். பக்கத்துக் கூண்டுக்கு நகர்வார்கள். அவள் வாலை ஆட்டுவதைச் சட்டென்று நிறுத்த மாட்டாள். அவர்கள் நாலு கூண்டு தாண்டிப் போகும் வரை ஆட்டுவாள். தீபாவளிச் சமயத்தில் வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிற குட்டிகளின் பக்கத்தில் அவளை விட்டால் போதும், அவை அவள் வயிற்றடியில் புகுந்துகொள்ளும். நான் கூண்டுக்குள் போனால் என் இரண்டு பாதத்தின் மேலும் சரியாக உட்காருவாள். நான் எழுந்து போக முடியாது. எழுந்து போக எனக்கும் மனசு வராது.

எனக்கு அந்த சிலேட்டின் மேல் கோபம் வந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் இரண்டு கொட்டகையின் கூரை பிய்ந்துவிட்டது. ஒரு கூண்டில் மூன்று நாய்களைப் போட வேண்டிய நிலை. டாக்டரம்மா மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. செல்வம் என்று பெயர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். கூட மனைவி கவிதா, ஆறு வயதுப் பெண் குழந்தை யாழினி. அவர்கள் வாசலில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், என் முந்தானையால் சிலேட்டை அழித்தேன். 'அன்பானது. குழந்தைகளோடு பழகும்' என்று எழுதினேன்.

அதில் பொய் ஏதும் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்பானதுதான். பழகும்தான். தட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே?

நாயைக் கொடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். அதையும் விட்டுவிட்டேன். குழந்தை எள்ளுருண்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவளும் கட்டிக்கொள்ள விட்டாள். கயிற்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் செல்வம் பைக்கில் வந்தார். பெட்ரோல் டாங்கின் மேல் எள்ளுருண்டை, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் போல, காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் வாலை ஆட்டினாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ற புள்ளயக் கடிச்சுப்போடுச்சுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "தயிர்ச்சோறு பத்தலையோன்னு இன்னொரு கை போடப் போயிருக்குது. மணிக்கட்டுல ரெண்டு பல்லு. சோப்புப் போட்டுக் கழுவி, பெரியாசுபத்திரியில மொத ஊசியும் போட்டாச்சு. நீங்கதானுங்க பழகும்னு எழுதியிருந்தீங்க?"

கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்க் கார்டை எடுத்துவந்தார். வாசலில் கிடந்த சிலேட்டையும் எடுத்து மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல உன்ற எழுத்து எது?"

"ரெண்டும்."

"பொய்யி எது?"

"சிலேட்டு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதுவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்.

"சரிங்க" என்றார். "நாளன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ரெண்டாவது ஊசி. நீங்கதான் கூட்டிட்டுப் போகோணும். நாலு ஊசியும் முடியற வரைக்கும் நீங்களே போயிட்டு வாங்க."

இருபது வருடம் ஏங்கினாலும் கிடைக்காத அந்த 'ங்க' எனக்குக் கிடைத்துவிட்டது. அதைவிட மோசமான மெமோவை நான் வாங்கியதில்லை. மற்ற வேலையாட்கள்கூட அன்றைக்கு என்னிடம் பேசப் பயந்தார்கள்.

அந்த வாரமே காப்பகக் குழு கூடியது. கடித்த நாயை வைத்திருந்தால் ஊருக்குள் பேச்சாகும், ஒரு ஊசியில் முடித்துவிடலாமே என்று தலைவர் சொன்னார். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிச்சது நாயி. பொய் சொன்னது நாமப்பா. ஊசிய யாருக்குப் போடறது?"

கடைசியில் மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் உண்மையைச் சொல்லி யாரிடமாவது கொடுக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் அவர்கள் சொன்னதுதான். எள்ளுருண்டையைத் தனிக்கூண்டில் போட்டு, பத்து நாள் கண்காணிப்பில் வைத்தோம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பாதத்தைத் தேடினாள்.

நாய்க்கடிக்கு ஊசி கடித்த அன்று ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். எங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் குழந்தைக்கு முழுசாகப் போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. மூன்றாம் நாள் கவிதாவும் கூட வந்தார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிஸ்கட் பொட்டலம் நீட்டினேன். வாங்கி ஜன்னலோரமாக வைத்துவிட்டு, இறங்கும்போது அங்கேயே விட்டுவிட்டார். ஏழாம் நாள் அவருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் குழந்தையை என்னோடு அனுப்பினார். "கைய உட்றாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வரிசையில் நின்றிருந்தபோது யாழினி மெதுவாக ஆரம்பித்தாள்.

"எள்ளுருண்ட என்னை ஏங்க கடிச்சுது?"

"தட்டுல கை வெச்சா அதுக்குப் புடிக்காது கண்ணு."

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

ஊசி அறையின் கதவைப் பார்த்தேன். இன்னும் எட்டுப் பேர் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். தப்பிக்க வழியில்லை.

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா ஆருமே அதக் கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு சொல்லல சாமி."

அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லி, காதுக்குள் சொன்னாள்.

"நானு படுக்கையில ஒண்ணுக்குப் போயிருவேன். ஸ்கூல்ல சொல்ல மாட்டேன். ஆனா அத்தை ஊட்டுக்குப் போனா அம்மா மொதல்லயே சொல்லிப்போடும். எனக்கு வெக்கமா இருக்கும். ஆனா அப்பத்தான் அத்தை ரப்பர் சீட்டு போட்டு, மேல பாய விரிச்சுக் குடுக்கும். காலையில திட்டாது."

நான் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். இருபது வருடம் டாக்டரம்மா பேசியது என் காதில் ஏறவில்லை. ஆறு வயதுக்காரி சொன்ன ரப்பர் சீட்டு ஏறிவிட்டது. வெட்கப்படும்படி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் அவளை அத்தை வீட்டில் விடுகிறார்கள். அவளை வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை, திட்டாமல் வைத்துக்கொள்வதற்காக. நானோ எள்ளுருண்டையை ரப்பர் சீட்டு இல்லாமல் அனுப்பிவிட்டேன். குழந்தையையும் கடிபட வைத்தேன், நாயையும் கெட்ட பெயர் வாங்க வைத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் செல்வம் லீவு போட்டுவிட்டு, மகளையும் என்னையும் பட்டறை வண்டியில் கூட்டிப் போனார். முந்தானையால் சிலேட்டை அழித்த கதையை வழியிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். கடைசி ஊசி முடிந்தது. வடு இரண்டு புள்ளி போலச் சின்னதாகத் தெரிந்தது. திரும்பும்போது வண்டியைக் காப்பகத்துப் பக்கம் திருப்பினார். யாழினியை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நேராக எள்ளுருண்டையின் கூண்டுக்குப் போனார். சிலேட்டில் பழைய வரியை நான் மறுபடி எழுதி வைத்திருந்தேன். முந்தின நாள் மழையில் பாதி கரைந்து, 'தட்டில் கை' என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். வண்டிக்குப் போய் ஒரு தகரப் பலகையும் பெயிண்ட் டப்பாக்களும் கொண்டுவந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். லாரியின் பின்பக்கம் எழுதுவது போலவே, மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல், இரண்டு மூலையிலும் தாமரை. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். எள்ளுருண்டை கம்பிக்குள்ளிருந்து மூக்கை நீட்டிப் பார்த்தாள்.

'எள்ளுருண்டை. தட்டில் கை வைத்தால் கடிக்கும். மற்ற நேரம் தங்கம்.'

எழுதி முடித்தார். கை நிற்கவில்லை. கீழே இடம் மிச்சமிருந்ததைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் 'இடைவெளி விடவும்' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார். பிறகு தானே அதைப் படித்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"சரியாத்தானுங்க இருக்குது" என்றார். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சுண்ணாம்புக் கட்டியில எழுதினா மழைக்கும் அழியும், முந்தானைக்கும் அழியுமுங்க. இது அழியாது. இனி நீங்களே நெனச்சாலும் பொய் சொல்ல முடியாதுங்க."

தலை குனிந்து நின்றேன். பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"ஏண்டி, மரமாட்டம் நிக்கற? ஆணியும் சுத்தியலும் கொண்டாடி."

ஓடினேன். ஒரு மாதமாக வராமல் இருந்த மூச்சு அந்த 'டி'யில்தான் வந்தது. ஆணி டப்பாவைத் தேடுகிற சாக்கில் ஸ்டோர் ரூமில் நின்று நன்றாக அழுதேன். அங்கே இருந்த வயதான நாய் ஒன்று, இது வேறயா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது.

போர்டு மாட்டிய பிறகு கூட்டம் அந்தக் கூண்டின் முன்னால்தான் நின்றது. படிப்பார்கள், சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆனால் எடுத்துப் போக யாரும் வரவில்லை. இரண்டரை மாதம் ஓடிவிட்டது. மூன்று மாதம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சங்ககிரிப் பக்கத்திலிருந்து ராசு என்று ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். போர்வெல் போடும் ரிக் வண்டியில் முப்பது வருடம் வடநாடெல்லாம் சுற்றியவர். ரிக் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. மனைவி இல்லை, மகன் வெளியூரில். தோட்டத்து வீட்டுக்குக் காவலாக ஒரு நாய் வேண்டும் என்று, பெரிய ராஜபாளையத்தைப் பார்க்கத்தான் வந்தார். போகிற வழியில் போர்டைப் படித்தார். நின்றார். மறுபடி படித்தார்.

"இதுல என்னங்க கொறை இருக்குது?" என்று கேட்டார்.

"கடிக்குமுங்க. சின்னப் புள்ளையவே கடிச்சிருக்குது" என்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் எழுதிய பொய்யைக்கூடச் சொன்னேன்.

"எங்க கேம்புல பன்னெண்டு பேரு. ஒரு வண்டியில பொங்கித் தின்போம். ஒருத்தன் தட்டுல இன்னொருத்தன் கை வெச்சான்னா சட்டியே பறக்குமுங்க. அதுக்கு எங்களையெல்லாம் கூண்டுலயா போட்டாங்க?"

டாக்டரம்மா அவரை எதிரே உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். அவருடைய நல்ல காதின் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடறப்ப பக்கத்துல ஆரு இருப்பாங்க?"

"ஆருமில்லீங்க."

"பேரப் புள்ளைங்க லீவுக்கு வந்தா?"

"தட்ட உள்ள வெச்சுக் கதவச் சாத்திருவேனுங்க. தின்னு முடிச்சாத்தான் தொறப்பேன்."

"கதவச் சாத்த மறந்துட்டா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஆளுடைய யோசனை அது. "மறக்காம இருக்க அந்த போர்டையும் சேத்துக் குடுங்க. கதவுலயே மாட்டிக்கறேன்" என்றார்.

மறுநாள் நாங்கள் அவர் வீட்டைப் போய்ப் பார்த்தோம். கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குத் திரும்பி, புதிதாகத் தைத்த பொம்மைக் கையோடு அவரையே சோதனை செய்யச் சொன்னோம். எள்ளுருண்டை அதையும் கந்தலாக்கினாள். ராசு அண்ணன் அசையவில்லை. "பரவால்லீங்க, பல்லு நல்லாருக்குது" என்றார். அன்றைக்கே கொடுத்துவிட்டோம். வண்டியில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கொடுத்த நாயை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்துவருவதும் எங்கள் நடைமுறைதான். டாக்டரம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். ராசு அண்ணன் மோர் கொடுத்தார். எள்ளுருண்டை இன்னும் உருண்டையாகியிருந்தாள். வீட்டில் குழந்தைகள் யாரும் இல்லாததால் அன்றைக்குத் தட்டு வாசலில்தான் இருந்தது. நாங்கள் எட்டவே நின்றுகொண்டோம். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

வேலியோரமாக மேய்ந்துகொண்டிருந்த பெட்டைக் கோழி ஒன்று நேராக நடந்து வந்து, எள்ளுருண்டையின் தட்டுக்குள் தலையை விட்டது.

என் கையை டாக்டரம்மா இறுகப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். கோழி கொத்திக்கொண்டிருந்தது. எள்ளுருண்டை தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் நகர்ந்து, தட்டின் அந்தப் பக்கமாகத் தின்ன ஆரம்பித்தாள்.

"அண்ணா! கோழி தட்டுல தின்னுதுங்க!" என்று அவருடைய நல்ல காதில் கத்தினேன்.

"அதுங்களா? வந்த மறுநாளையில இருந்தே அப்புடித்தானுங்க" என்றார் ராசு அண்ணன். "நானும் தொரத்தித் தொரத்திப் பாத்துட்டேன். கோழிக்குப் போர்டு படிக்கத் தெரியோணுமில்லீங்க?"

சிரித்துச் சிரித்து எனக்கு மோர் புரையேறிவிட்டது. பையிலிருந்து கார்டை எடுத்தேன். "அப்ப அந்த மொத வரிய அடிச்சுப்போடலாமுங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அடி வாங்குவடி" என்றார். கோழியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது அப்புடியே இருக்கட்டும். கீழ, 'கோழி நீங்கலாக'ன்னு சேத்து எழுது."

எழுதினேன்.